மேல்நிலைத் தொட்டி வைத்த வண்டி

லீவரை இடப்பக்கம் தள்ளினார். பின்சக்கரங்கள் அசையவில்லை. வலப்பக்கம் தள்ளினார். அப்போதும் அசையவில்லை. வண்டிக்கு அடியில் எங்கோ ஒரு சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது.

குழாய்க்காரர் அப்படியே நின்றார். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் வீடுகளில் சொட்டை நிறுத்திப் பிழைத்தவர். ஒரு வீட்டுக் கூடத்தில் கால் வைத்த மாத்திரத்தில், சொட்டு எந்த அறையில் என்று சொல்லிவிடுவார். இந்தச் சொட்டும் எங்கிருந்து விழுகிறது என்று அவருக்குத் தெரிந்தது. தெரியாதது போல இருந்தார்.

"என்ன பெரியவரே, தண்ணி வருதா?" ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து வெல்டர் கேட்டான்.

"தண்ணி இல்ல தம்பி, எண்ணெய்."

"சரி, அது வருதா?"

"வரும்."

"வரட்டும், வரட்டும். அவசரம் ஒண்ணும் இல்ல."

அவசரம் இல்லை என்றுதான் மாப்பிள்ளையும் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாதிரி மனுஷனுக்கு இன்றைக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது. அதுதான் குழாய்க்காரரின் கவலை.

மாப்பிள்ளையின் தொழில் வண்டி கட்டுவது. சாலையில் ஓடும் வண்டி அல்ல. சாலையே இல்லாத இடத்தில் ஏறி இறங்கும் வண்டி. மலையில், ஆடு திரும்பவே இடமில்லாத வளைவுகளில், முன்சக்கரம் மட்டும் திரும்பினால் போதாது. பின்சக்கரமும் திரும்ப வேண்டும். அதற்கு ஒரு எண்ணெய்த் தொட்டி, ஒரு பம்ப், ஓட்டுகிறவர் கைப்பக்கம் லீவர் வைத்த ஒரு வால்வு, பின் அச்சில் ஒரு சிலிண்டர். லீவரைத் தள்ளினால் எண்ணெய் ஒரு குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தைத் திருப்பும். மறுபக்கத்து எண்ணெய் இன்னொரு குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்பிவிடும்.

மூன்று வாரத்துக்கு முன், சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை இதை விளக்கியபோது குழாய்க்காரர் சிரித்தார்.

"இவ்வளவுதானா? தண்ணியோ எண்ணெயோ, குழாய்க்கு என்ன தெரியும் மாப்பிள்ளை?"

அந்தச் சிரிப்பு இப்போது ஞாபகம் வந்தது. காது மடல் சுட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் சமையலறைக் குழாயை மூன்று முறை கழற்றி மாட்டியிருந்தார். குளியலறையில் எல்லாம் நன்றாக இருந்தது. அதனால் இரண்டு முறைதான். "இனிமே இந்த வீட்டுல எந்தக் குழாய் மேலயும் கை வைக்கக் கூடாதுப்பா" என்று மகள் சொன்ன மறுநாள்தான் மாப்பிள்ளை, "மாமா, ஷெட்ல ஒரு பைப் வேலை இருக்கு, நீங்க வந்தாத்தான் முடியும்" என்றார்.

நீங்க வந்தாத்தான் முடியும். அந்த மூன்று சொற்களை அவர் எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார் என்பது அவருக்கே தெரியாது.

வந்தார். தனக்குத் தெரிந்த மாதிரி செய்தார். எண்ணெய்த் தொட்டியை வண்டியின் கூரைக்கு மேலே, நாலு கால் வைத்த இரும்புச் சட்டத்தில் ஏற்றினார். ஒவ்வொரு லைனிலும், ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும் என்று, திருகி மூடும் வால்வு வைத்தார். தொட்டியிலிருந்து காற்றுப் போக ஒரு குழாயை மேலே நீட்டி, மழை விழாமல் அதன் வாயை வளைத்தும் விட்டார். எல்லா ஜாயின்ட்டிலும் வெள்ளை டேப்பைப் பதினைந்து சுற்று சுற்றினார். தூரத்திலிருந்து பார்த்தால், யாரோ ஒரு சின்ன வீட்டுக்குச் சக்கரம் மாட்டியது போல இருந்தது.

அன்று மாப்பிள்ளை வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தொட்டி எதுக்கு மாமா மேல?"

"உயரத்துல இருந்தாத்தானே பிரஷர்?"

"பம்ப் இருக்கே மாமா."

"பம்ப் நின்னு போச்சுன்னா?"

மாப்பிள்ளை பேசாமல் இருந்தார். பிறகு, "நல்ல யோசனை" என்றார். அந்த மௌனத்தைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு குழாய்க்காரர் மூன்று நாள் சந்தோஷமாக இருந்தார்.

இன்று காலையில்தான் மகள் சொன்னாள். "இன்னிக்கு அவருக்குப் பெரிய நாள்ப்பா. மலை மேல மின்கம்பம் நடற கம்பெனிக்காரங்க வண்டியைப் பாக்கறாங்க. பிடிச்சுதுன்னா பன்னெண்டு வண்டி. இல்லைன்னா ஷெட்டை மூடிட்டு வேற வேலை தேடணும்."

அதன்பின் அவருக்குக் காபி இறங்கவில்லை. ஏனென்றால் ஒரு ஆள் ஏற்கெனவே இரண்டு தடவை ஷெட் வாசலுக்கு வந்ததும், "இன்னும் வேலை முடியலைங்க, அடுத்த வாரம் வாங்க" என்று மாப்பிள்ளை தணிந்த குரலில் திருப்பி அனுப்பியதும் அவர் காதில் விழுந்திருந்தது. முடியாத வேலை யாருடைய வேலை? ஷெட்டில் முடியாமல் கிடந்தது ஒரே வேலைதான்.

மதியம் மாப்பிள்ளை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பின்பக்கம் தார்ப்பாய்க்குள் நின்ற வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது வெல்டரிடம், "நாலு மணிக்கு அந்த ஆள் வருவார், வண்டியைக் காட்டிடு" என்றார். இவரிடம் வந்து, "நீங்க மூணு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிடுங்க மாமா. பாவம், அலைச்சல்" என்றார்.

வேலை சரியில்லை என்று தெரிந்தும், முகத்துக்கு நேரே சொல்லாத மனிதர். அதுதான் இன்னும் வலித்தது. குழாய்க்காரர் தலையாட்டினார். ஆனால் போவதாக இல்லை.

அடியில் மறுபடி ஒரு சொட்டு.

முதலில் சொட்டை நிறுத்துவோம் என்று அவர் வண்டிக்கு அடியில் நுழைந்தார். முப்பத்தைந்து வருஷத்துப் பழக்கம்: லைனில் கை வைக்கும் முன் வால்வை மூட வேண்டும். தொட்டிக்குத் திரும்பும் லைனில் தானே வைத்த வால்வைத் திருகி மூடினார். பிறகு ஜாயின்ட்டைக் கழற்றினார்.

கழற்றியவர் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பதினைந்து சுற்று டேப் சுற்றிய இடத்தில் ஏழெட்டுச் சுற்றுதான் இருந்தது. மீதி?

வீட்டுக் குழாயில் டேப் பிய்ந்து உள்ளே போனால் கவலை இல்லை. தண்ணீரோடு வந்து யாராவது ஒருவர் வாளியில் விழுந்துவிடும். இங்கே வாளி கிடையாது. போன எண்ணெயேதான் திரும்பவும் போகிறது. பிய்ந்த டேப் லைனெல்லாம் சுற்றி, கடைசியில் வால்வின் தொண்டையில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வெளியே வந்து உட்கார்ந்தார். ஜாயின்ட்டுகள் வந்த அட்டைப்பெட்டி பக்கத்தில் கிடந்தது. மூன்று வாரமாக அதன் மூடி மேல்தான் டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்குத்தான் மூடியைப் படித்தார். டேப் சுருளின் படம், அதன் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. அந்தக் குறிக்கு மேல் வட்ட வட்டமாக டீக் கறை.

"தம்பி, இந்த வேலைக்கு டேப் போடக் கூடாதா?"

வெல்டர் முகமூடியைத் தூக்கினான். எதையோ சொல்ல வந்தவன் போல வாயைத் திறந்து, மூடினான்.

"அது... போடறவங்களும் இருக்காங்க பெரியவரே."

"யாரு?"

"நீங்க இருக்கீங்களே."

குழாய்க்காரர் மறுபடி வண்டிக்கு அடியில் நுழைந்தார். அடைப்பு என்றால் அடித்துத் தள்ள வேண்டும், அவ்வளவுதானே. ஜாயின்ட்டை அரைகுறையாக மாட்டினார். அந்த இடுக்கு வழியாகக் குப்பை வெளியே வரட்டும் என்று பம்பைப் போட்டு, லீவரை வலப்பக்கம் முழுக்கத் தள்ளினார்.

அடைப்பு விட்டது. பின்சக்கரங்கள் இரண்டும் கம்பீரமாக வலப்பக்கம் திரும்பின. அவர் கத்தக்கூட வாயெடுத்தார். அதற்குள் அரைகுறை ஜாயின்ட்டிலிருந்து எண்ணெய் கத்திபோலப் பீறிட்டு, நேராக மின்விசிறியில் அடித்தது. மின்விசிறி பாரபட்சம் பார்க்கவில்லை. சுவர், ஜன்னல், ஸ்பேனர்கள், வரைபடம், வெல்டரின் சாப்பாட்டுத் தூக்கு என்று எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கு வைத்தது.

வெல்டர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து சுவிட்சை அணைத்தான்.

"எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தறதுன்னு கேள்விதான் பட்டிருக்கேன் பெரியவரே. இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன்!"

"மன்னிச்சுக்க தம்பி."

"என் தூக்குல தயிர் இருந்துச்சு."

"மன்னிச்சுக்கப்பா."

"சரி விடுங்க. மணி மூணு ஆகப்போகுது, கிளம்புங்களேன். வீட்டுக்குப் போய்ப் படுங்க."

"இப்படியே விட்டுட்டா?"

"இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல பெரியவரே. நான் ஒண்ணு சொல்லவா..."

"சொல்லாதே தம்பி. நீ நல்லவன், ஆறுதல் சொல்லுவே. எனக்குத் தாங்காது."

வெல்டர் மறுபடி வாயை மூடிக்கொண்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

அப்போது கைபேசி அடித்தது. மகள்.

"அப்பா, கிளம்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"சமையலறைக் குழாய் சொட்டுதுப்பா. சீக்கிரம் வந்து பாருங்களேன்."

குழாய்க்காரருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. குழாய் மேல் கை வைக்கக் கூடாது என்று சொன்ன மகள். அவருடைய ஸ்பேனர்களை எடுத்துப் பூட்டி வைத்த மகள். அவளே கூப்பிடுகிறாள். போய்விடலாம். ஐந்து நிமிஷ வேலை. கை சரியாக இருக்கும், எல்லாரும் பார்ப்பார்கள்.

எண்ணெய் வழியும் சுவரைப் பார்த்தார்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"ஒரு வாளி வைம்மா. இங்க ஒரு வேலை பாக்கி இருக்கு."

"அப்பா, அந்த வேலை..." என்று இழுத்தாள் மகள். "சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன்" என்றார். சாப்பிடவில்லை. இன்றைய பொய்க் கணக்கில் அது சின்னது.

ஜாயின்ட்டை முறுக்கி மூடினார். சக்கரங்கள் வலப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றன. இடப்பக்கம் தள்ளினால் நேராகிவிடும். பம்பைப் போட்டு லீவரை இடப்பக்கம் தள்ளினார். பம்ப் முனகியது. இன்னும் தள்ளினார். முனகல் உறுமலாயிற்று. சக்கரம் அசையவில்லை. எண்ணெய் திரும்பிப் போக வழியில்லாதது போல எங்கோ முட்டிக்கொண்டு நின்றது.

மூடிய வால்வு ஞாபகத்துக்கு வந்தபோது அவர் கை லீவரில்தான் இருந்தது.

வெடிச்சத்தம் போல ஒன்று கேட்டது. திரும்பும் லைனின் ரப்பர் குழாய் தன் ஜாயின்ட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு, வால் மிதிபட்ட பாம்பு மாதிரி எழும்பி, கூரைமேல் தொட்டியை ஒரே அடி அடித்தது. தொட்டி யோசித்தது. பிறகு நாலு காலில் இரண்டை மடக்கிக்கொண்டு முன்பக்கம் சாய்ந்தது. மிச்ச எண்ணெய் முழுவதும் முன்கண்ணாடி வழியாக, அவசரமில்லாமல், அழகாக இறங்கியது.

உயரத்துல இருந்தாத்தானே பிரஷர்.

மணி மூன்றரை.

இனிச் சரிசெய்ய முடியாது. மறைக்கலாம். பின்சக்கரங்கள் தெரியாதபடி வண்டியைச் சுவரோரம் ஒட்டி நிறுத்திவிட்டால்? வருகிற ஆள் முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று அவருக்கே தெரிந்தது. இருந்தாலும் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் கையகல இடம் துடைத்து, எஞ்சினைக் கிளப்பினார்.

அது பழைய எஞ்சின். இருமி இருமிக் கிளம்பியது. ஸ்டியரிங்கைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். முன்பக்கம் சுவருக்குப் போனது. பின்பக்கம் தன் பாட்டுக்கு வேறு ஊருக்குப் புறப்பட்டது. அவர் இந்தப் பக்கம் ஒடித்தால் அது அந்தப் பக்கம் ஓடியது. மனஸ்தாபத்தில் இருக்கும் கணவன் மனைவி ஒரே கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவது போல, வண்டி ஷெட்டை ஒரு அரைவட்டம் அடித்து, வாசலுக்கு வந்து, குறுக்காக மாட்டிக்கொண்டது. மூக்கு ஒரு தூணில், வால் ஒரு தூணில். இனி ஒரு சைக்கிள்கூட உள்ளே வர முடியாது.

எஞ்சினும் நின்றுவிட்டது. அதற்கும் ஒரு மானம் இருக்கிறது.

ஷெட்டில் சத்தமே இல்லை. வெல்டர் பின்பக்கம் குளிக்கப் போயிருந்தான். குழாய்க்காரர் கீழே இறங்கி, ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் கழற்றி, வெள்ளை டேப்பைப் பிய்த்துச் சட்டைப்பைக்குள் திணிக்கத் தொடங்கினார். டேப் இல்லாவிட்டால் இதை யார் செய்தது என்று யாருக்குத் தெரியும்? குழாய் கம்பெனிக்காரன் மோசமான சரக்குக் கொடுத்துவிட்டான் என்று சொல்லலாம். வெல்டர் சரியாகப் பற்றவைக்கவில்லை என்று சொல்லலாம்.

அந்த இரண்டாவது நினைப்பு வந்ததும் கை நின்றது.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீடுகளில், "எனக்கு முன்னாடி வந்த ஆள் சரியாப் பண்ணலைங்க" என்று சொல்லித்தான் வேலையை ஆரம்பித்திருக்கிறார். அந்த முன்னால் வந்த ஆளுக்கும் எங்காவது ஒரு மகள் இருந்திருப்பாள். இதை அவர் இதுவரை நினைத்ததில்லை. சட்டைப்பை கனத்தது.

வாசலில் ஒரு மினிலாரி வந்து நின்றது. ஒரு ஆள் இறங்கி, குறுக்கே நின்ற வண்டியைப் பார்த்தார். ஐம்பது வயசிருக்கும். காதில் பென்சில். அவசரமில்லாத முகம். வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"முதலாளி இல்லீங்களா?"

"இல்ல. வெளிய போயிருக்கார்."

"நாலு மணிக்கு வரச் சொன்னார். இந்த வண்டிதானே?"

"இதுதான்" என்றார் குழாய்க்காரர். கை சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது.

வந்தவர் வண்டியைச் சுற்றி வந்தார். பம்பரைக் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார். கதவில் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து அங்கங்கே ஒட்ட வைத்துப் பார்த்தார். பெரிய கம்பெனி ஆட்கள் எதையெல்லாம் சோதிக்கிறார்கள் என்று நினைத்தபடி குழாய்க்காரர் பின்னாலேயே போனார். கடைசியில் வந்தவர் அண்ணாந்து, ஒருக்களித்துக் கிடந்த தொட்டியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது என்னங்க மேல?"

குழாய்க்காரருக்கு இனித் தாங்கவில்லை.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும். நீங்க குறுக்கே பேசாம கேக்கணும்."

வந்தவர் திகைத்துப்போய்த் தலையாட்டினார்.

"முதலாளி மேல ஒரு தப்பும் இல்ல. அவர் கட்டின வண்டி எதுவும் இப்படி இருக்காது. இந்தப் பின்பக்க லைன் மொத்தமும் நான் போட்டது. நான்..." மாமனார் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், வேலை தெரியாத மாமனாரை வைத்துக்கொண்டு தொழில் பண்ணுகிறவர் என்று மாப்பிள்ளைக்கல்லவா பெயர்? "நான் இங்க வேலைக்கு இருக்கற ஆள். எனக்கு வீட்டுக் குழாய்தான் தெரியும். தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டேன். தொட்டியை மேல ஏத்தினது நான். வால்வை மூடிட்டு மறந்தது நான். டேப் போடாதேன்னு பெட்டியிலயே எழுதியிருந்துது, அது மேல டீ வச்சுக் குடிச்சேன்."

சட்டைப்பைக்குள் கைவிட்டு, எண்ணெயில் ஊறிய வெள்ளை டேப்பை அள்ளி வந்தவர் உள்ளங்கையில் வைத்தார். அது ஒரு குருவிக்கூடு அளவுக்கு இருந்தது.

"இதைக்கூட இப்ப மறைக்கத்தான் பார்த்தேன். நீங்க என்னை என்ன வேணா சொல்லிக்கங்க. அவருக்கு இன்னொரு வாய்ப்புக் குடுங்க. அவர் கையால கட்டின வண்டியைப் பாருங்க. என்னால அவர் தொழில் போயிடக் கூடாது."

பேசி முடித்ததும் உடம்பு லேசானது போல இருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடமும் அவர் இப்படிப் பேசியதில்லை.

வந்தவர் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். குழாய்க்காரரைப் பார்த்தார். வெளியே நின்ற மினிலாரியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம், நான் பழைய இரும்பு எடுக்கறவன், யாரோ அவர் மாமனாராம், வீட்டுல சும்மா இருக்க முடியாம குழாயெல்லாம் கழட்டறாராம், அவர் ஆசை தீர மாட்டிப் பாக்கட்டும்னு இந்த உடைக்கற வண்டியைக் குடுத்துட்டு என்னை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாரு உங்க முதலாளி... இன்னிக்காவது அந்தப் பெரியவர் முடிச்சுட்டாரா?"